திரை போட்டால் ஏறுகிறேன்!

அத்தியாயம் 9

"நான் ஏற மாட்டேன்."

அம்மா தலை நிமிரவில்லை. மெஷின் மேல் குப்புறக் கிடந்த சீருடைப் பாவாடையின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ஒரு குண்டூசி.

"எதுல ஏற மாட்டே? பஸ்லயா?"

"தராசுல."

குண்டூசி உதட்டிலிருந்து விரலுக்கு வந்தது. "காலங்காத்தால ஆரம்பிக்காதே. போய்ப் பல்லைத் தேய்."

"தேய்ச்சாச்சு. தேய்ச்ச வாயாலதான் சொல்றேன். ஏற மாட்டேன்."

அம்மாவின் பழைய நைட்டியில் இடுப்பில் கைவைத்து நின்றாள் சின்னவள். வயது பதினான்கு. வீட்டில்தான் அவள் சின்னவள். பள்ளியில் அவள் பெயர் லாரி.

இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்போம்.

அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை தொங்கும். அளவெடுப்பதெல்லாம் அதற்குப் பின்னால். எந்த அளவையும் அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. சாக்குக் கட்டியால் துணியின் ஓரத்தில் குறித்துக்கொள்வாள். 'இடுப்பு இவ்வளவுன்னு சத்தமா சொன்னா அந்தப் பொம்பளை மறுபடி நம்ம கடைப் பக்கம் வருவாளா?' என்பாள்.

அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்படி வேலை. மாலையில் திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கும். உடைந்த பிஸ்கட், அமுங்கிப்போன பன், ஓரம் கருகிய கேக். விற்க முடியாத சரக்கு. தூக்கிப் போடச் சொல்வார் முதலாளி. அப்பாவுக்கு மனசு வராது.

அப்பா கொண்டுவருவார். பிள்ளைகள் சாப்பிடுவார்கள். உடுப்பு இறுகும். அம்மா தையலைப் பிரித்துவிடுவாள். மற்ற வீடுகளில் சட்டை இறுகினால் கடைக்குப் போவார்கள், பெரிய சைஸ் கேட்பார்கள், அந்த நம்பரைக் கேட்டு ஒரு நிமிடமாவது திக்கென்றிருக்கும். இந்த வீட்டில் அந்தத் திக் என்பதே கிடையாது. பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு எந்த உடுப்பும் சின்னதாய்ப் போனதே இல்லை. அவர்கள் வளர வளரத் துணியும் கூடவே வளர்ந்தது.

கைக்குழந்தைகளாக இருந்தபோது அண்ணனும் தங்கையும் கொழுகொழு குழந்தைப் போட்டியில் ஆளுக்கொரு கோப்பை வாங்கியவர்கள். அந்த ஃபோட்டோ கடைச் சுவரில் இன்னும் சிரிக்கிறது. 'வளர்ந்தா எல்லாம் இறங்கிடும்' என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். வளர்ந்தார்கள். எதுவும் இறங்கவில்லை.

பெரியவனுக்கு இப்போது பதினாறு. தங்கை லாரி என்றால், அதே உடம்புக்கு அவனுக்குக் கிடைத்த பட்டம் பயில்வான். பளுதூக்கும் அணியில் கனமான பிரிவுக்குப் பள்ளியின் ஒரே நம்பிக்கை.

அந்தப் பயில்வான்தான் போன வாரம் மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தங்கை கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டான். பிறகு இன்னொன்று. "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றான். அவளும் பண்ணித் தொலைத்தாள்.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

"ஏறி இறங்குடி," என்றாள் அம்மா. "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"உனக்கு முடிஞ்சிடும். எனக்கு வருஷம் பூரா ஓடும்."

போன வருடம் அப்படித்தான் ஓடியது. பள்ளி மருத்துவ சோதனை நாளன்று ஹாலின் நட்டநடுவே தராசு. விளையாட்டு மாஸ்டர் எண்ணைப் படித்தார். படித்தார் என்பதைவிட ஏலம் போட்டார் என்பதே சரி. அவளுடைய எண்ணைக் கேட்டதும் பின்வரிசைப் பையன்கள் ஹாரன் அடித்தார்கள். பெரியவன் ஏறியபோது அதே பையன்கள் கைதட்டினார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுக் குதித்து இறங்கினான். மருத்துவமனையிலிருந்து வந்திருந்த நர்ஸம்மா தூரத்து மேஜையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பயில்வான் வராந்தாவில் இருந்தான்.

இந்த வருடமும் அதே மாஸ்டர், அதே நர்ஸம்மா. சின்னவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தராசுக்கு முன்னால் ஒரு திரை விழுந்தால் கைதட்டல் கிடையாது, குதித்து ஓடுவது கிடையாது. நர்ஸம்மா உள்ளே வந்துதான் ஆகவேண்டும். அவர் அண்ணனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

சத்தியம் அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்பதற்குத்தானே?

"என்ன லாரி, ஸ்டார்ட் ஆகலையா?" பெரியவன் தலை துவட்டியபடி வந்தான். தட்டில் நேற்றைய பன்கள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டான்.

"நீ முதல்ல மாடிப்படி ஏறு, பார்க்கலாம்," என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மென்று கொண்டிருந்த வாய் நின்றது.

"என்னடி முணுமுணுப்பு அங்க?" அம்மா பாவாடையை வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய தையல் இருந்த இடங்களில் ஊசித் துளைகள் வரிவரியாகத் தெரிந்தன. "இந்தா. இதுக்கு மேல என்கிட்ட வராதே. பிரிக்கத் துணி இல்ல. ஓரத்துக்கு வந்துட்டேன்."

அம்மா அதைச் சொன்ன விதத்தில் கோபமில்லை. களைத்துப் போயிருந்தாள். சின்னவள் பாவாடையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

*

ஹாலில் ஃபேன் ஓடியது. காற்றுத்தான் வரவில்லை.

சரக்கறையிலிருந்து உருட்டி வந்த தராசு, வட்ட முகமும் நீள முள்ளுமாக நடுவில் நின்றது. பக்கத்தில் விசிலும் தொப்பையுமாக விளையாட்டு மாஸ்டர். முதலில் பெண்கள், பிறகு பையன்கள். முடித்தவர்கள், முடிக்காதவர்கள், வேலையில்லாதவர்கள் என்று சுற்றிலும் கூட்டம்.

சின்னவளுக்கு முன்னால் நின்றவள் அவளுடைய தோழி குச்சி. பெயருக்கு ஏற்ற உடம்பு. போன வருடம் அவள் எண்ணைப் படித்துவிட்டு, 'காத்தடிக்கும்போது வெளியில போகாதேம்மா' என்றார் மாஸ்டர். குச்சி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

"நீ முன்னாடி போடி," என்று குச்சி காதைக் கடித்தாள். "எனக்குப் பயமா இருக்கு."

"நல்லதாப் போச்சு. தள்ளு."

"அடுத்து!" என்றார் மாஸ்டர். யார் என்று பார்த்ததும் அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு புறப்பட்டது. பின்வரிசையில் யாரோ மெல்ல ஹாரன் அடித்துப் பார்த்தான்.

சின்னவள் தராசுக்கு ஒரு எட்டு முன்னால் நின்றுகொண்டாள்.

"சார், திரை போடுங்க. ஏறுறேன்."

"என்னது?"

"மேடைத் திரை அங்க சும்மாதானே தொங்குது? தராசை அதுக்குப் பின்னால வையுங்க. நர்ஸம்மா வந்து பார்க்கட்டும். எல்லாருக்கும்தான் சொல்றேன்."

"இது என்ன துணிக்கடையா, திரை போட?"

"எங்க அம்மாவோட சின்னக் கடையிலயே திரை இருக்கு சார். இவ்வளவு பெரிய ஸ்கூல்ல இருக்கக் கூடாதா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மாஸ்டர் விசிலை விரலில் சுற்றினார். "எல்லாருக்கும் ஒரே சட்டம். ஏறு."

"எல்லாருக்கும்னா சரி சார். நீங்க முதல்ல ஏறுங்க. நான் படிக்கிறேன்."

வெடித்தது சிரிப்பு. இந்தத் தடவை அது அவளைப் பார்த்து இல்லை.

மாஸ்டரின் காது சிவந்தது. "வாட்ச்மேன்! போய் இவ அம்மாவைக் கூட்டிட்டு வாப்பா! சோதனை முடிக்காத யாரும் விளையாட்டு மைதானத்துல கால் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"எனக்கும் திரை வேணும் சார்."

குச்சிதான். மெல்லிய குரல். ஆனால் கேட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொருத்தி, வரிசையிலிருந்து நகர்ந்து சின்னவள் பக்கம் வந்து நின்றுகொண்டாள். பிறகு இன்னொருத்தி. வரிசை கொஞ்சம் கொஞ்சமாகத் தராசைவிட்டு விலகியது.

அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், முந்தானையில் நூல் துணுக்குகள். வந்த வேகத்தில் மகளின் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"மானத்தை வாங்குறியேடி! ஏறேன், என்ன குறைஞ்சு போயிடும்?"

"ஒண்ணும் குறையாதும்மா. குறைஞ்சா எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

மாஸ்டருக்கு அம்மாவைப் பார்த்ததும் தெம்பு வந்தது. "விடுங்கம்மா, அழ வைக்காதீங்க. ஒரு வழி சொல்றேன். நீங்க டெய்லர்தானே? உங்க பொண்ணு அளவு உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். எடை போகட்டும், இடுப்பு எவ்வளவு, இங்கயே சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன், ஆளை விடுறேன்."

அம்மா வாயைத் திறந்தாள்.

சுற்றிலும் அத்தனை முகங்கள். எண் அவள் நுனிநாக்கில்தான் இருந்தது. காலையில்தான் குறித்திருந்தாள். சொல்லிவிட்டால் கடையைத் திறக்கப் போகலாம்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. மகளின் கையைக் கிள்ளிய விரல்கள் அப்படியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டன.

"அதை நான் சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"யாரோட அளவையும் நான் நாலு பேர் முன்னாடி சொல்றதில்ல. இவ என் பொண்ணு வேற."

தூரத்து மேஜையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். நர்ஸம்மா எழுந்து வந்தார். நரைத்த கொண்டை, ரப்பர் செருப்பு, வேலை செய்து காய்த்த கைகள். "திரையை இழுங்க மாஸ்டர்," என்றார். "நானும் போன வருஷமே கேட்டிருக்கணும். எனக்கும் இங்கிருந்து ஒண்ணும் சரியாக் கேக்கல, இவங்க போடுற கூச்சல்ல."

*

திரைக்குப் பின்னால் தூசி வாசனை. முள் ஆடி நின்றது. நர்ஸம்மா பார்த்தார், எழுதினார், எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா வெளியே திரையைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றாள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார் நர்ஸம்மா.

"கப்பு வாங்கின நாள்லேர்ந்து."

"என்ன கப்பு?"

சொன்னாள். நர்ஸம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. "வளர்ந்தா இறங்கிடும்னு சொல்லியிருப்பாங்களே?"

"எல்லாரும். மாமா, அத்தை, பஸ் கண்டக்டர் வரைக்கும்."

"நிறையப் பேருக்கு இறங்குறதில்ல கண்ணு. கூடவே வளருது. பையனுக்கும் அப்படித்தான், பொண்ணுக்கும் அப்படித்தான். அது நீ பண்ணின குத்தம் இல்ல. ஆனா உடம்பு உன்னோடது. அதனாலதான் உன்னைத் தாண்டி யார்கிட்டயும் பேசாம உன்கிட்டயே பேசுறேன்."

சின்னவள் தராசைவிட்டு இறங்கினாள். அழுதால் வந்த காரியம் கெட்டுவிடும்.

"என்னை அப்புறம் பாருங்க, நர்ஸம்மா. பொண்ணுங்க முடிஞ்சதும் பசங்க வருவாங்க. எங்க அண்ணனைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க."

"ஏன், அவனுக்கு என்ன?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

நர்ஸம்மா அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பேனாவை மூடினார். "சரி, போ. நான் கேக்கல."

பையன்கள் வரிசை தொடங்கியது. பெரியவன் திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "என்னடா இது, நாடகமா?" கூட்டாளிகள் சிரித்தார்கள். கைகளை விரித்து, சும்மா இருந்த கூட்டத்திடம் கைதட்டல் கேட்டுப் பார்த்தான். தராசே கண்ணில் படாதபோது எதற்குத் தட்டுவது? யாரும் தட்டவில்லை. உள்ளே போனான்.

போனவன் உடனே வரவில்லை.

அடுத்தவன் நகத்தைக் கடித்தான். மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு மறுபடி வாட்சை. திரை விலகி நர்ஸம்மாவின் கை மட்டும் வெளியே வந்து அம்மாவை அழைத்தது.

மேடைப் படியோரம் நின்ற சின்னவளுக்கு எல்லாம் கேட்டது.

"கழுத்துல என்னம்மா இது? கருப்பா, வெல்வெட் மாதிரி?"

"அழுக்குங்க." அம்மாவின் குரலில் வெட்கம். "சரியாத் தேய்ச்சுக் குளிக்க மாட்டான். நானே நார் போட்டுத் தேய்ச்சேன். என் கைதான் தேஞ்சுது. அதான் சட்டைக் காலரை ஒரு விரல் உயர்த்தித் தச்சுட்டேன், வெளியில தெரியாம."

"இது அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க, பாவம். ரத்தத்துல சர்க்கரை தடுமாற ஆரம்பிச்சா சில பிள்ளைங்களுக்குக் கழுத்து முதல்ல காட்டிக்கொடுக்கும். நிச்சயமா அதுதான்னு ரத்தம் பார்க்காம சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

"பயில்வான் மாதிரி இருக்கானேம்மா!"

"இருக்கான். அதனாலதான் யாரும் கிட்ட போய்ப் பார்க்கல."

"நாளைக்கு முடியாது," என்றான் பெரியவன் முரட்டுத்தனமாக. "நாளைக்குக் காலையில பளுதூக்குற டீமுக்கு செலக்‌ஷன்."

இறங்கி வந்தவன் தங்கையைத் தாண்டும்போது நிற்கவில்லை. காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "சொல்லிட்டேல்ல?"

"அம்மாகிட்ட சொல்லல."

"கெட்டிக்காரிதான்," என்றான். அந்த வார்த்தை அவளுக்குச் சுட்டது.

*

மாலையில் அப்பா வந்தபோது வாசற்படியில் சின்னவள் நின்றாள். நின்றாள் என்றால் வழி முழுக்க நின்றாள். இந்த உடம்பால் ஒரு லாபம் உண்டு. வாசலை அடைத்தால் அடைத்ததுதான்.

"என்னடா செல்லம், டோல்கேட்டா?" அப்பாவின் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"ஆளு உள்ள வரலாம்ப்பா. பை வரக்கூடாது."

"இன்னிக்குக் கேக்கு நல்லா வந்திருக்கு. ஓரம் மட்டும்தான்..."

"நல்லாத்தான் இருக்கும். நீங்க சுட்டது என்னிக்கு நல்லா இல்லாம இருந்திருக்கு? அதான் பிரச்சினை."

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளே மெஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கழுத்து, நார், காலர், நாளைக் காலை.

"நான் கொண்டுவந்தேன். நீ பிரிச்சு விட்டே," என்றார் அப்பா, பையைப் பிடித்தபடியே. "பிள்ளைங்க வயிறு வாடக் கூடாதுன்னுதானே..."

"உங்களை யாரும் குத்தம் சொல்லலப்பா," என்றாள் சின்னவள். "ஆனா நாளைக்கும் கொண்டுவந்தா சொல்லுவேன்."

அப்பா பதில் சொல்வதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே இறங்கினார் விளையாட்டு மாஸ்டர். கையில் பெரிய சத்து மாவு டப்பா.

"வணக்கம், வணக்கம்! எங்க நம்ம பயில்வான்? காலையில நானே வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுறேன், நீங்க சிரமப்பட வேண்டாம்."

அம்மா எழுந்தாள். "சார், நர்ஸம்மா நாளைக்கு ரத்தம் பார்க்கணும்னாங்க..."

"பார்க்கலாம்மா! யாரு வேண்டாம்னா? திங்கட்கிழமை பாருங்க. ரத்தம் எங்க ஓடிடப் போகுது? கனமான பிரிவுல இந்த வட்டாரத்துக்கே வேற ஆள் கிடையாது. ஏறி நின்னாலே செலக்‌ஷன்! ஒரு கிலோ இறங்கினாத்தான் வம்பு, கீழ்ப் பிரிவுக்குப் போயிடுவான். அங்க பத்துப் பேர் நிக்குறாங்க. அதான் இந்த டப்பா. ராத்திரி பால்ல கலந்து கொடுங்க. பேப்பர்ல ஃபோட்டோ வரும் பாருங்க!"

பேப்பர் என்றதும் அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்து போனதைச் சின்னவள் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். இந்த வீட்டில் பெரிய முடிவெல்லாம் இப்படித்தான் நழுவிப்போகும். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் திங்கட்கிழமை ஆகிவிடும்.

"அவன் நாளைக்கு வரமாட்டான் சார்," என்றாள்.

மாஸ்டர் திரும்பினார். "காலையில பேசினது பத்தலையா? இது ஆம்பளைப் பசங்க விளையாட்டு விஷயம். உனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியும்."

உள்ளறை வாசலில் பெரியவன் வந்து நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்துத்தான் பேசினாள். தலைக்குள் சத்தியம் இடித்தது. அது உடைந்தால் உடையட்டும். ஆயுசு முழுக்க அவளோடு பேசாமல் இருப்பதற்காவது அவன் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா?

"போன வாரம் மாடிப்படியில பாதியில உட்கார்ந்துட்டான். மூச்சு வாங்கினான். சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சான், தாகம் அடங்கல. ராத்திரியில அடிக்கடி எழுந்து போறான். ரெண்டு படி ஏற முடியாதவனைத்தான் நாளைக்கு இரும்பைத் தூக்கச் சொல்றீங்க. அம்மா, சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினான். சொல்லிட்டேன். நீ என்கூடப் பேசவே வேண்டாண்டா அண்ணா. ஆனா காலையில ஆஸ்பத்திரிக்குப் போக நான் வாசல்ல நிப்பேன். நீயும் நிப்பே."

அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

பெரியவன் கத்துவான் என்றுதான் சின்னவள் நினைத்தாள். கத்தட்டும், கதவை அறையட்டும், லாரி என்று நூறு தடவை சொல்லட்டும் என்று தயாராகத்தான் இருந்தாள்.

அவன் கத்தவில்லை.

"அவ சொல்றது நிஜம்," என்றான்.

"டேய், பயில்வான்..." மாஸ்டரின் குரல் இறங்கியது. "வேண்டாம். நாம பேசினது ஞாபகம் இருக்குல்ல?"

"என்ன பேசினீங்க?" அப்பா கேட்டார்.

பெரியவன் மாஸ்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். பதினாறு வயதுப் பையனின் முகத்தில் ஆறு வயது தெரிந்தது.

"போன மாசம் பயிற்சி முகாம்ல எங்க எல்லாருக்கும் விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்கப்பா. எனக்கு மட்டும் அங்க இருந்த டாக்டர் ரெண்டாவது தடவையும் குத்திப் பார்த்தார். உடனே வீட்டுல சொல்லணும்னு சார்கிட்ட சொன்னார். சார்... செலக்‌ஷன் முடியட்டும், நானே வீட்டுக்கு வந்து சொல்றேன், நீ வாயைத் திறக்காதேன்னார்."

வாசலில் ஸ்கூட்டர் தடதடத்துக்கொண்டே இருந்தது.

"அது வந்துங்க... ஒரு மெஷினு... அதுல எல்லாம் தப்பாவும் காட்டும்." மாஸ்டர் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நான் அப்புறம் சாவகாசமா வரேன். இப்போ கிளம்புறேன்."

அப்பா படியிறங்கி ஸ்கூட்டர் பக்கம் போனார். சாவியைத் திருப்பினார். தெருவே சட்டென்று அமைதியானது. சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கிளம்பலாம் சார்," என்றார். "அந்த டாக்டர் யாரு, அன்னிக்கு என்ன சொன்னாரு, ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டுக் கிளம்பலாம்."

மாஸ்டர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். யார் முகத்திலும் திங்கட்கிழமை தெரியவில்லை.

சின்னவள் வழியைவிட்டு ஒதுங்கினாள். கடையின் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார்," என்றாள்.